வார்டனின் சாவிக்கொத்தும் சாந்தாமணியின் 'ங்க'வும்

விடுதி வார்டன் வேலை என்பது, யாரோ செய்யப்போகிற தப்புக்காக வேறு யாரையோ உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில், அந்தச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தவள் நான். அப்படியே அலைந்த சக வார்டன்மார்களே, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

மதில்

லாரிப் பட்டறை ஆட்கள் விடுதியைப் பார்த்து விசிலடிக்கிறார்கள் என்று முதல்வரிடம் புகார் சொன்னேன். பட்டறைக்கு ஆள் அனுப்பி ஒரு அதட்டல் போடுவார் என்று நினைத்தேன். அவர் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார். மதில் ஓர் ஆள் உயரம் ஏறியது, மேலே சோடா பாட்டில் சில்லுகளும் பதித்தாயிற்று. விசில் முன்போலவே வந்தது. யார் அடிக்கிறார்கள் என்பதுதான் இப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

அதைச் சொல்லப் போனால் முதல்வர் பெருமையாகக் கேட்டார்: "சத்தம்தானேம்மா வருது, ஆள் வரலையே?"

ஜன்னல்

அடுத்து, எவனோ குளியலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தான். அவனைத் தேடுவதை விடச் சுலபம் என்று ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள். சித்திரை வெயிலில் பெண்கள் உள்ளே வெந்தார்கள்.

ஜேடர்பாளையத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண் சாந்தாமணி, பௌதிகம் கடைசி வருஷம். எட்டிப் பார்த்தவனுக்கும் மரியாதை குறைக்காமல் என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க மேடம், எட்டிப் பாத்தவங்க வெளிச்சத்துல சுத்தறாங்க, நாங்க எதுக்குங்க இருட்டுல குளிக்கோணும்?"

'ங்க'

மதிலும் பலகையும் தடுக்காத ஆள் ஒருவர் இருந்தார். பௌதிக ஆய்வுக்கூடத்தில் செய்முறை சொல்லிக்கொடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர். இருட்டறைச் சோதனைக்குப் போன சாந்தாமணியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். அவரைத் தள்ளிவிட்டு ஓடிவந்தவள் நேராக என் அறைக்கு வந்தாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திப் போடுவாருங்க" என்றாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

விசாரணைக்கு மூன்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்தார்கள். "சார் கதவைச் சாத்துனாருங்க. தாவணியப் புடிச்சு இழுத்தாருங்க" என்று தலைகுனிந்தபடி சொன்னாள். யாரைப் பற்றிச் சொன்னாலும் 'ங்க' போடுவது இந்த ஊர்ப் பேச்சு என்று நான் குறுக்கிட்டேன். ஆத்தூர்க்காரியான எனக்கே பழக நாளானது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த விசாரணைக் குழுத் தலைவர் கேட்டால்தானே?

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இவ்ளோ மரியாதையாப் பேசறாளே, நிஜமா நடந்திருந்தா இப்படியாம்மா பேசுவா? நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

'ன்'

அப்பா வந்தார். பெண்ணின் பெயர் கெட்டுவிடும், சத்தமில்லாமல் அழைத்துப் போய்விடுங்கள் என்று அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். எதிர் நாற்காலியில் டெமான்ஸ்ட்ரேட்டர் கால்மேல் கால் போட்டிருந்தார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வா சாமி, ஊட்டுக்குப் போலாம்."

சாந்தாமணி அசையவில்லை. தலையை நிமிர்த்தி எதிர் நாற்காலியைப் பார்த்தாள். "அவன் கதவைச் சாத்துனான். அவன் என்னப் புடிச்சு இழுத்தான்." ஒரு 'ங்க' கூட இல்லை. தலைவருக்கு அதன் கனம் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"நாய்க்குட்டியக் கூட 'வாங்க சாமி'ன்னு கூப்புடற புள்ளைங்க இது. அதே வாயில அவன்னு சொல்லுதுன்னா, அவன் இங்க இருக்கக் கூடாதுங்க. எம்புள்ள பரீச்ச எழுதாம நான் இந்த எடத்த உட்டு எந்திரிக்க மாட்டனுங்க."

சாந்தாமணி பரீட்சை எழுதினாள், அந்த ஆளைப் பற்றிக் கல்லூரி 'சொந்தக் காரணங்களால் விலகினார்' என்று கடைசிவரை 'ர்' போட்டே எழுதியது, மதில், பலகை, பூட்டு என்று நாங்கள் செய்த அத்தனை பந்தோபஸ்திலும் பலித்தது என்னவோ அந்தப் பெண்ணின் ஒரே ஒரு 'ன்'தான்.