சிறுத்தை எச்சமும் பொம்மனஹள்ளி சிங்க்கும்

காட்டுயிர்ப் பாதுகாப்பு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இன்று காலை, பொம்மனஹள்ளி ஆபீஸில், புது மாணவியிடம் பன்னிரண்டு டப்பா சிறுத்தை எச்சத்தைக் கொடுத்துக் கழுவச் சொன்னேன்.

அந்தக் கழிவைக் கழுவினால் சல்லடையில் முடி தங்கும். சிறுத்தை தின்றது ஆடா, நாயா என்பது அந்த முடியில்தான் தெரியும். நேற்று இரண்டு மணி நேரம் தொண்டை வற்றச் சொன்னது இதைத்தான். ஆட்டைப் பறிகொடுத்துக் கொதிக்கிற ஊர்க்காரர்களுக்கு நாளை நான் பதில் சொல்ல வேண்டும்.

அரை மணியில் வந்து நின்றாள்.

"மேடம், முடிச்சிட்டேன். டப்பா எல்லாம் பளபளன்னு இருக்கு."

"முடி எங்கம்மா?"

"அது சிங்க்லயே போயிடுச்சு மேடம். இப்ப தண்ணி இறங்கல."

பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் பைப்பைக் கழற்றி ஒரு கொத்து முடியை இழுத்துப்போட்டார்.

"இங்க எத்தன பேரு மேடம் தலைக்கு குளிக்கிறீங்க?"

"அண்ணா, தூக்கிப் போட்டுடாதீங்க!" என்று பேப்பரோடு பாய்ந்தேன். பன்னிரண்டு டப்பாவும் ஒரே கொத்தாகிவிட்டது. எதில் எது இருந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம்.

பக்கத்தில் நின்றவள் மெதுவாகக் கேட்டாள்: "மேடம், சர்டிபிகேட்ல எச்ச ஆய்வு செஞ்சேன்னு போடுவீங்கல்ல?"

போடலாம். ஆனால் முடியைக் கண்டெடுத்தது பிளம்பர். யார் பெயரில் போடட்டும், நீங்களே சொல்லுங்கள்.