நான் எடுக்காத வெற்றிலை

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. இன்றைக்கும் அப்படித்தான். பஸ்ஸில் டிக்கெட் வாங்கக்கூட பக்கத்தில் இருப்பவரிடம் காசைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எழுதுவது பரவாயில்லை. எதிரில் யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஐந்தாம் வகுப்புப் படிப்பு இதற்குப் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

நீ எப்போது பெரியவளானாய் என்று யாராவது கேட்டால், வயசுக்கு வந்த நாளைச் சொல்ல மாட்டேன். அன்று தனியாக உட்கார வைத்தார்கள், உளுந்தங்களி கொடுத்தார்கள். உள்ளே நான் அதே பிள்ளைதான். கல்யாணத்தன்றும் இல்லை. மலைக்கு பஸ் வராத காலம் அது. தாலி கட்டி என்னை நடத்தியே இந்த ஊருக்குக் கூட்டி வந்தார்கள். மாமியார் வீட்டில் முதலில் என் கண்ணில் பட்டது வாசலுக்கு எதிரே காய்த்துக் கிடந்த நெல்லி மரம். அடுத்தது, அதன் கிளையில் உட்கார்ந்துகொண்டு என்னை எட்டிப் பார்த்த ஒரு முகம். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள்.

"அண்ணி, மரம் ஏறுவியா?" இதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாள் ஏறிக் காட்டினேன்.

அத்தை கீழே நின்று தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு கொரங்கு போதாதுன்னு, பரிசம் வேற போட்டு இன்னொரு கொரங்க கொண்டாந்துட்டேனே!"

அதன் பிறகு நாங்கள் இருவரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே போனோம். ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்க, சாமைக் கொல்லையில் களை பிடுங்க, விறகு பொறுக்க. யாராவது என்னைக் கேட்டால் அவள்தான் பதில் சொல்வாள். "அண்ணிக்கு பசிக்குதாம்." "அண்ணிக்கு அவுங்கம்மா நெனப்பு வந்துடுச்சி." நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வருஷம் சாமை அறுத்து முடித்ததும், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து அவளைப் பெண் கேட்டு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நல்ல குடும்பம். கொல்லையும் உண்டு, மாடும் உண்டு. அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலை மெழுகினார், அவரைக்காய் உரித்தார், எல்லாரையும் விரட்டினார்.

அவர்கள் வருகிற அன்று காலையில் நாத்தனாரைக் காணவில்லை. எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். நெல்லி மரத்தில் நானும் ஏறினேன். அவள் கண் சிவந்திருந்தது.

"எனக்கு வேணாம்னு இல்ல அண்ணி. இப்ப வேணாம். அடுத்த சாம அறுப்பு வரிக்கும் இங்கியே இருக்கறேன்."

"அத்தகிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேன். கட்டிக் குடுத்தா எல்லாம் செரியாப் பூடும்னுது."

"உங்கண்ணங்கிட்ட?"

"அதுங்கிட்ட எப்டி சொல்றது? வெக்கமா கீது."

ஊருக்கே பதில் சொல்கிறவளுக்கு வெட்கம்! பிறகு அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லு அண்ணி. உன்னத்தான கேப்பாங்க" என்றாள். எனக்குக் கிளையிலேயே கால் வழுக்கியது.

அவள் சொன்னது உண்மைதான். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணின் மனசை அவளிடம் நேராகக் கேட்க மாட்டார்கள். அண்ணிக்காரியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். சம்மதம் என்றால் அண்ணி வாய் திறக்கவே வேண்டாம். தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய் உள்ளே பெண்ணிடம் கொடுத்தால் முடிந்தது. சம்மதம் இல்லை என்றால்தான் பேச வேண்டும். அப்படி யாரும் பேசி நான் பார்த்ததில்லை.

வந்தவர்கள் வாசலில் பாயில் உட்கார்ந்தார்கள். ஊர்க்கவுண்டரும் வந்திருந்தார். வெற்றிலை, பாக்கு, வெல்லத்தோடு தட்டை நடுவில் வைத்தார்கள். அத்தை என் முதுகைத் தடவிக் கொடுத்து, காதோடு சொன்னார்: "பயப்படாத கண்ணு. நீ இன்னாவும் பேச வேணாம். வெத்தலைய எடுத்துகினு உள்ள வந்துடு."

என் சுபாவம் தெரிந்து, எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் போய் நின்றேன். தலையில் நெல்லி இலை ஒட்டியிருந்ததுகூடத் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதான் அண்ணியா? எது பொண்ணு, எது அண்ணின்னே தெரியலியே!"

எல்லாரும் சிரித்தார்கள். "பொண்ணு மனசு இன்னா, சொல்லும்மா" என்றார் கவுண்டர்.

குனிந்தேன். கை தட்டுக்குப் போய்விட்டது. எடுத்துவிட்டால் இத்தனை கண்களிலிருந்தும் தப்பித்து உள்ளே ஓடிவிடலாம். அப்போது மூங்கில் தட்டிக் கதவுக்குக் கீழே அவள் கால் விரல்கள் தெரிந்தன. மெழுகின தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். வாயைத் திறந்தால் முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு வந்தது, எதிர்மலையில் மேயும் ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு கத்தல்.

"இப்ப வேணாமாம்! அடுத்த சாம அறுப்பு ஆவட்டும்னு சொல்றா!"

மாமனார் தரையைப் பார்த்தார். அத்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அவ சொல்றாளா, நீயா சொல்றியா?"

"அவதாங்க சொன்னா. மரத்து மேல சொன்னா."

"மரத்து மேலயா?" மாப்பிள்ளையின் அம்மா நெல்லி மரத்தைப் பார்த்தார். என் தலையில் இருந்த இலையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "ஒக்காரு அண்ணா. மரத்து மேல கீற பொண்ண இப்ப இட்டுகினு போயி நானு இன்னா பண்றது? எறங்கட்டும், வர்றோம்." தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை அவரே எடுத்துக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அந்த அம்மா சொன்னபடியே செய்தார். அடுத்த அறுப்புக்குக்கூட அவசரப்படாமல், அதற்கடுத்த அறுப்பில் வந்தார்கள். அப்போது நான் வெற்றிலையை எடுத்தேன். என் நாத்தனார் இன்று அந்த ஊரில் பேரன் பேத்தி எடுத்து என்னைவிடச் சத்தமாக இருக்கிறாள்.

ஆனால் நான் கத்திய அன்றைக்கு அத்தை சாயங்காலம் வரை என்னிடம் முகம் கொடுக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில்தான், உலையைக் கிளறிக்கொண்டே, "இன்னாடி பொண்ணே, இம்மாஞ் சத்தத்த எங்க வெச்சிகினு இருந்த?" என்றார். நான் அடுப்புக்குள் விறகைத் தள்ளினேன். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு இன்னா ஆக்கலாம்? களியா, சோறா?" என்று கேட்டார். அந்த வீட்டில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். நாத்தனார் கூடையோடு வந்தாள். மற்ற நாளாக இருந்தால் துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்திருப்பாள். அன்று சும்மா நின்றாள்.

"அண்ணி, ஏறிட்டு வரட்டுமா?"

யாரைக் கேட்கிறாள் என்று ஒரு நொடி எனக்கே விளங்கவில்லை.

"போ. மேல் கொப்புக்குப் போவாத, ஒடிஞ்சிடும். சீக்கிரம் எறங்கிடு."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது முழுக்க அத்தையின் பேச்சு. உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "நீயும் போயேன்டி, யாரு வேணாங்கறா?"

"வாசல் பாதி கெடக்குது அத்தே."

குனிந்து பெருக்கினேன். முதுகில் ஒரு நெல்லிக்காய் வந்து விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் ஏறிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.