ஹோலியன்று கத்தரித் தோட்டத்தில்

கொல்கத்தாவுக்கு நான் வந்த முதல் வசந்தம் அது. காய்கறித் தோட்டங்களுக்கு வாரம் ஒருமுறை போய், பூச்சி தாக்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பெங்காலி அரைகுறையாகத்தான் புரியும். மற்ற நேரமெல்லாம் லேக் கார்டன்ஸில் ஒற்றை அறையில் கிடப்பேன்.

ஹோலியன்று தெருவே வண்ணப்பொடியில் கூத்தடித்துக்கொண்டிருந்தது. நான் கதவைத் தாழிட்டுப் படுத்திருந்தேன். மதியம், பெஹாலாவுக்கு அப்பால் கத்தரி போட்டிருந்த அம்மாள் போன் செய்தார். காக்கிமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அங்கே சித்தி முறை அது.

"கத்தரியில புழு விழுந்திருக்கு. உடனே வா."

பதறிப்போய், கிடைத்த பஸ்ஸில் ஓடினேன். வரிசை வரிசையாகக் குருத்தையும் இலையின் அடிப்புறத்தையும் பார்த்தேன். வாடிய குருத்து ஒன்றுகூட இல்லை. பூச்சி பிடிக்க வைத்திருந்த பொறியிலும், அந்தப் புழுவை ஈனும் அந்துப்பூச்சி விழவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"புழு எங்கே காக்கிமா?"

"புழுவெல்லாம் இல்லை," என்றார். "சாப்பிட வான்னு கூப்பிட்டா வேலை இருக்குன்னு சொல்லிடுவே. பண்டிகையும் அதுவுமா தனியா இருப்பியேன்னு தோணுச்சு."

சொல்லிவிட்டு, கையிலிருந்த சிவப்புப் பொடியை என் இரண்டு கன்னத்திலும் தடவினார். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து என் முகத்தை யாரும் தொட்டதில்லை. குனிந்து, ஏற்கெனவே பார்த்த இலையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டுத் திரும்பும் வழியில் வீட்டுக்குப் போன் செய்தேன். எப்போதும் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லிவந்தவன், அன்றுதான் அம்மாவிடம், "இங்கே தனியா இருக்கக் கஷ்டமா இருக்கும்மா" என்றேன்.

அதற்குப் பிறகும் அந்த அறையில் தனியாகத்தான் இருந்தேன். ஆனால், யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் போக ஆரம்பித்தேன்.