டெஸ்ட் எப்போ, அக்கா?

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது பாதி வேலைதான், மீதிப் பாதி, "டெஸ்ட் எப்போ?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது. மைதானத்தில் மழைத்தண்ணீர், கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, பிரேக் இன்ஸ்பெக்டர் லீவு என்று காரணம் மாறிக்கொண்டே இருக்கும். தேதி மட்டும் வராது. லைசென்ஸுக்கு அலைந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நின்ற வண்டியில் சவாரி

கோவில்பத்து சந்தானம் சார் ரிட்டயரான பிறகு கார் கற்றுக்கொண்டவர். வகுப்பு முடிந்தும் தேதி வரவில்லை. கற்றது மறந்துவிடுமோ என்ற பயத்தில், தினமும் காலையில் தருமபுரத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்து, நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வார். இன்ஜின் போடமாட்டார். கிளட்சை மிதிப்பார், கியர் மாற்றுவார், கண்ணாடியைப் பார்ப்பார், வராத லாரிக்கு வழிவிடுவார்.

ஒரு சனிக்கிழமை வெளியூர்க் குடும்பம் ஒன்று பின்கதவைத் திறந்து பையோடு ஏறிவிட்டது. "திருநள்ளாறு கோயில் வாசல்லயே விட்டுடுங்க." சிவப்பு எல் போர்டை டாக்சிக் கம்பெனிப் பெயர் என்று நினைத்தார்களோ என்னவோ. சார் கண்ணாடியில் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லி, அவர்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். நொந்துபோயிருப்பார் என்று பார்த்தால், முகமெல்லாம் சிரிப்பு.

"டெஸ்ட் வைக்காமலேயே ஒரு குடும்பம் என்னை நம்பி ஏறிடுச்சேம்மா."

இடமும் வலமும்

அந்துவான் ஐயா பிரான்ஸில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். லைசென்ஸை 'பெர்மி' என்றுதான் சொல்வார். அங்கே வலப்பக்கமாகவே ஓட்டிப் பழகிய கையை இடப்பக்கத்துக்குத் திருப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருவழியாகப் பழகினார். தேதி வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று மகள் வீட்டுக்குப் பாரிஸ் போனவர், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பி வந்ததும் தேதியும் வந்தது. மைதானத்தில் குறையே இல்லை. ரோட்டுக்கு வரச் சொன்னதும், ரொம்ப நிதானமாக வலப்பக்கம் ஏறிப் போனார். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். பக்கத்திலிருந்த இன்ஸ்பெக்டர் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்சீட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஃபெயில். இறங்கும்போது ஐயா வருத்தமே இல்லாமல் அவரிடம் சொன்னார்:

"பாரிஸ் போறதுக்கு முந்தியே கூப்பிட்டிருந்தா நான் இடதுபக்கந்தான் சார் போயிருப்பேன்."

ஜெனிபரின் தேதி

கோட்டுச்சேரி ஜெனிபரின் கணவருக்குக் கப்பலில் வேலை. வீட்டில் கார் சும்மா நின்றது. மாமியார் மரியம்மாளுக்கு முழங்கால் வலி. ஆஸ்பத்திரிக்குப் போக ஒவ்வொரு தடவையும் யாரையாவது கெஞ்ச வேண்டும். அதனால்தான் கற்றுக்கொள்ள வந்தாள். காத்திருந்ததில் எல்.எல்.ஆர். காலாவதியாகி, மறுபடி எடுத்தாள். இடையில் உண்டாகியும் விட்டாள்.

ஒருவழியாகத் தேதி வந்தபோது நிறைமாதம். பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்குத்தான் வியர்த்தது. "குழந்தை பிறக்கட்டும்மா, வேற தேதி தரேன்" என்றார்.

"அப்புறம் கைக்குழந்தையோடல்ல வரணும் சார்? சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கிறேன்."

தள்ளினால் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. வண்டியில் நான் சாய்ந்துகொள்ள வைத்திருக்கும் தலையணையை அவள் முதுகுக்குக் கொடுத்தேன். ரிவர்ஸில் ஒரு கம்பம்கூட அசையாமல் வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் உடனே பாஸ் போட்டு, "முதல்ல வீட்டுக்குப் போம்மா" என்றார்.

அந்த வாரமே பையன் பிறந்தான். ஞானஸ்நானத்துக்கு அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்சீட்டிலிருந்து பேரனோடு இறங்கிய மரியம்மாள் என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"புள்ளையே பத்து மாசத்துல வந்துடுச்சு, இவங்க டெஸ்ட்டுக்குத் தேதி வரத்தான் அதுக்கு மேல ஆச்சு."

என்னிடம் படித்தவர்கள் மட்டும் ரயில்வே கேட்டில் ஹாரன் அடிக்காமல் நிற்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது; அந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை.