இல்டிகோவின் சோற்றுக் கிண்ணம்

அக்டோபர் ஒன்பதாம் தேதி பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தபோது, கனாயே, தான் வேலை பார்க்கும் கடையின் மீன் பகுதியில் கானாங்கெளுத்தி வகிர்ந்துகொண்டிருந்தாள். அம்மா போய்விட்டாள். எழுபத்தொரு வயது. கனாயே கையுறையைக் கழற்றினாள், மேலாளரிடம் சொன்னாள், சைக்கிளை எடுத்தாள். கால்வாய் ஓரமாக அம்மா வீடு வரை இருபது நிமிடம் மிதித்தும் அழுகை வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரப்போகும் அம்மாவைக் கிடத்துவதற்காகத் தோமிகோ சித்தி நடு அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கனாயேயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூக்கைச் சிந்தியதும் முதல் கேள்வி:

“இல்டிகோவுக்குச் சொல்லிட்டியா?”

“அம்மா இன்னும் வீட்டுக்கே வரல சித்தி.”

“அதில்லடி. அவளும் இந்த வீட்டுப் பொண்ணு மாதிரிதானே?”

அப்போதுதான் கனாயேவுக்கு அழுகை வந்தது. சித்தி அதைத் துக்கம் என்று நினைத்து முதுகைத் தடவினாள்.

அம்மா சதாயோவை ஊரில் எல்லாருக்கும் தெரியும். குளிர்காலம் முழுக்க, விடிவதற்கு முன்பே கடற்பாசி காயவைக்கும் கொட்டகைக்குப் போய்விடுவாள். தாள் தாளாகக் காய்ந்த பாசியில் பொத்தலானவற்றைப் பிரித்தெடுப்பதில் அவள் கண்ணுக்கு ஈடு கிடையாது. தன் வாயால் யாரையும் மெச்சிப் பேசாதவள். அப்படிப்பட்டவள், மேல்நிலைப் பள்ளியில் ஹங்கேரிக்கார மாணவி ஒருத்திக்கு ஒரு வருடம் இடம் கொடுக்க யாராவது உண்டா என்று கேட்டபோது கையைத் தூக்கிவிட்டாள். கனாயேவுக்கு அப்போது பதினாறு வயது. இல்டிகோவுக்கும் அதே பதினாறு.

வந்த மூன்றாம் நாளே இல்டிகோ சதாயோவை “அம்மா” என்று கூப்பிட ஆரம்பித்தாள். சதாயோ அவளைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய், வெள்ளையில் மஞ்சள் இலைகள் போட்ட சோற்றுக் கிண்ணம் ஒன்றை அவளுக்கென்று வாங்கி வந்தாள். அப்பாவின் நீலக் கிண்ணம், அம்மாவின் பழுப்புக் கிண்ணம், கனாயேயின் பிளம் பூக் கிண்ணம் மூன்றுக்கும் பக்கத்தில் அது அலமாரியில் ஏறி உட்கார்ந்தது. ஒரே வெந்நீரில் வீட்டார் ஒருவர் பின் ஒருவராக இறங்கும் குளியல் தொட்டியில் முதலில் இறங்குவது இல்டிகோ, அப்பாவுக்கும் முன்னால். கனாயேயின் முறை வரும்போது தண்ணீரில் பாதிச் சூடுதான் இருக்கும். சீமைப் பனிச்சைப் பழத்தைத் தோல் சீவி, துண்டுபோட்டு இல்டிகோ முன்னால் வைப்பாள் அம்மா. கனாயே கேட்டால், “உனக்குக் கை இல்லையா?” என்பாள்.

எல்லாவற்றையும் விட வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று, “உங்க கனாயே கணக்குல முதலாவதா வந்தாளாமே!” என்றாள்.

“அட, நீங்க வேற. சோறு தின்கிறதுல வேணா முதலாவதா வருவா,” என்றாள் அம்மா. அதே மூச்சில், “எங்க இல்டிகோவைக் கேளுங்க, மூணே மாசத்துல நம்ம பேச்சைப் பிடிச்சிட்டா. என்ன மூளைங்கறீங்க!” என்றாள்.

கனாயே சமையலறையில் வெங்காயத் தாளை நறுக்கியபடி இதைக் கேட்டாள். அன்றைக்கு நறுக்கியதில் பாதி பொடியாகிவிட்டது.

வருடம் முடிந்து இல்டிகோ விமானம் ஏறினாள். அம்மா அவள் கிண்ணத்தைத் துடைத்து மறுபடி அலமாரியிலேயே வைத்தாள்.

எட்டு வருடம் கழித்துக் கனாயேயின் கல்யாணம். புறப்படும் நேரத்தில் அம்மா பிளம் பூக் கிண்ணத்தை எடுத்து வந்து வாசல் கல்லில் ஓங்கி எறிந்தாள். பெண் போன வீட்டிலேயே வாழட்டும், பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து நிற்க வேண்டாம் என்பதற்காக அந்தப் பக்கத்தில் செய்வது. சில தாய்மார்களுக்குக் கை வராது, இரண்டு மூன்று தரம் போட வேண்டியிருக்கும். அம்மாவுக்கு ஒரே வீச்சில் உடைந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் வந்த கனாயே, விருந்தாளிகளுக்கான கிண்ணத்தில்தான் சாப்பிட்டாள். ஒருமுறை கேட்டேவிட்டாள்.

“எனக்குன்னு ஒண்ணு வாங்கி வெச்சா என்னம்மா?”

“கல்யாணமானவளுக்கு இங்க எதுக்குக் கிண்ணம்?”

“இல்டிகோவுக்கு மட்டும் எதுக்காம்?”

“அவளை நான் கட்டிக்கொடுத்தா அனுப்பினேன்?”

இருபத்தைந்து வருடத்தில் இரண்டே முறை வந்து போனவளின் கிண்ணத்தை, ஒவ்வொரு வருடக் கடைசி நாளிலும் அம்மா கழுவித் துடைத்து வைத்தாள்.

இறுதிச் சடங்கன்று சவப்பெட்டியை வண்டியில் ஏற்றியதும், “கிண்ணம்!” என்று சித்தி குரல் கொடுத்தாள். இறந்தவர் சாப்பிட்ட கிண்ணத்தையும் வாசலில் உடைப்பது வழக்கம். அவர்களும் திரும்பி வரக் கூடாது. கனாயே உள்ளே ஓடினாள். அப்பா போனபோதே நீலம் உடைந்துவிட்டது. அலமாரியில் இரண்டுதான் இருந்தன, பழுப்பும் வெள்ளையும். அவசரத்தில் கை தவறியது என்று ஊர் சொல்லிக்கொள்ளலாம். கனாயேவுக்குத் தெரியும், கை தவறவில்லை. வெள்ளையை எடுத்து வந்து அம்மாவைப் போலவே ஒரே வீச்சில் எறிந்தாள்.

“அடிப்பாவி! அது அக்காவோடது இல்லையே!” சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். “உசுரோட இருக்கறவ கிண்ணத்தை... போடி, அக்காவோடதைச் சீக்கிரம் எடுத்துட்டு வா!”

வண்டி ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடித்தார். வண்டி நகர ஆரம்பித்தது.

“அக்கா திரும்பி வந்துடுவாடி!”

“வரட்டும்,” என்றாள் கனாயே.

தகனத்துக்காகக் காத்திருந்தபோது சித்தி தேநீரை நீட்டிவிட்டு மெல்லச் சொன்னாள். “பெத்த பொண்ணை மத்தவங்க முன்னால மெச்சினா, பீத்திக்கறான்னு ஊரே சிரிக்கும். அடுத்த வீட்டுப் பொண்ணுன்னா எவ்வளவு வேணா கொஞ்சலாம். அக்காவுக்குக் கொஞ்சறதுக்கு ஒருத்தி கிடைச்சா, அவ்வளவுதான்.”

“வீட்டுக்குள்ள யார் சித்தி சிரிக்கப்போறாங்க? அங்கேயாவது கொஞ்சியிருக்கலாமே.”

சித்தி தேநீரை அவள் பக்கம் நகர்த்தினாள். “தேநீர் ஆறுது, குடி,” என்றாள்.

நவம்பரில், துக்க வீடு என்பதால் இந்த முறை புத்தாண்டு வாழ்த்து அனுப்ப வேண்டாம் என்று தெரிவிக்கும் அட்டைகள் அச்சாகி வந்தன. நாற்பத்திரண்டு. ஹங்கேரிக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. சித்தி இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் கனாயே “சொல்றேன்” என்றாள். அம்மாவின் முகவரிப் புத்தகத்தில் இல்டிகோவின் பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மெழுகியதுபோல் இருந்தது. கனாயேயின் பக்கம் என்று ஒன்று இல்லை. இருபது நிமிடத் தொலைவில் இருப்பவளுக்கு முகவரி எதற்கு?

கடைசியாக மிஞ்சிய அட்டையில் அச்செழுத்துக்குக் கீழே கனாயே கையால் எழுதினாள்: “உன் கிண்ணத்தை நான்தான் உடைத்தேன். வேண்டுமென்றே. அம்மாவிடமிருந்து நீ வாங்கிக்கொண்டதில் கொஞ்சம் எனக்கு வேண்டியிருந்தது. உனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.” பிறகு முகவரியைப் பார்த்துப் பார்த்து, எழுத்துப் பிழையில்லாமல் எழுதி முடித்தாள்.

மற்ற நாற்பத்தொன்றும் மறுநாளே தபாலில் போயின. இந்த ஒன்றுக்கு இன்னும் தபால்தலை ஒட்டவில்லை.