பெரிய வெள்ளியன்று பெட்டி வாசித்தது யார்?

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். ஆவி, பேய் எதையும் நான் நம்பியவன் இல்லை. மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில், பிணவறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து மருந்து கலக்கிய கம்பவுண்டர் நான். அத்தனை வருஷத்தில் ஒரு ஆவிகூட வந்து இருமல் மருந்து கேட்டதில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்து வீட்டில் குடியிருந்தேன். முந்தின மழைக்காலத்தில் என் மனைவி ஜெயசீலி டைபாய்டில் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுத்தவனால் சொந்த வீட்டில் ஒரு காய்ச்சலை இறக்க முடியவில்லை பாருங்கள். அவள் போன பிறகு வீட்டில் அப்படி ஓர் அமைதி, பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட ஆறுதலாக இருக்கும்.

எங்கள் கோயிலில் தமிழ்ப் பாட்டுகளுக்கு ஆர்மோனியம் வாசிப்பது நான்தான். காலால் மிதித்து வாசிக்கிற பெரிய பெட்டி அது, வாசலுக்கு மேலே பாடகர் மாடத்தில் இருக்கும். அவள் போன பிறகு விரல்தான் வாசித்தது, மனசு ஒட்டவில்லை. பாஸ்கு திருநாள், அதாவது ஈஸ்டர், முடிந்ததும் பெட்டியை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, கோலாரில் இருக்கும் அக்கா வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். போவதற்கு முன் ஆண்டவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அவள் எங்கோ இருக்கிறாள் என்று தெரிய ஒரு சத்தம் கொடும், அது போதும் என்று தவக்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, பெரிய வியாழன் பூசையோடு பெட்டியும் மணியும் நின்றுவிடும். பாஸ்கு வரைக்கும் மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள், பாட்டெல்லாம் வெறும் வாய்ப்பாட்டு. ஆண்டவர் இறந்து கிடக்கும்போது வாத்தியம் ஏது? கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் சவரிமுத்து, பெட்டியைப் பூட்டி, ஊதாத் துணி போர்த்தி, கயிற்றால் கட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்வார்.

பெரிய வெள்ளி மத்தியானம். இருட்டு, மழை, நரி ஊளை எதுவும் கிடையாது, நல்ல வெயில். கீழே கோயில் நிறையச் சனம், பாடகர்களும் அன்று கீழேதான். நான் மட்டும் பழக்கதோஷத்தில் மாடத்தில் ஏறி, பெட்டிக்கு முன்னால் இருந்த பெஞ்சில் சும்மா உட்கார்ந்தேன். ஆண்டவருடைய சிலுவைப் பாடுகளின் பாட்டை ஆரம்பித்தார்கள். பெட்டி இல்லாமல் இத்தனை பேர் பாடினால் சுருதி இறங்கிக்கொண்டே போகும், கடைசிச் சரணத்தை எல்லாரும் கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல இருக்கும். வருஷா வருஷம் அப்படித்தான். நம்பினால் நம்புங்கள், அன்று இறங்கவே இல்லை, ஆரம்பித்த இடத்திலேயே கடைசிவரை நின்றது. என் காதில் விழுந்ததெல்லாம் சனங்களின் குரல் மட்டும்தான். அதோடு ஒவ்வொரு சரணத்திலும் கடைசி அடிக்கு முன்னால் எல்லாரும் ஒன்றாக நிறுத்திவிட்டுப் பாடினார்கள். அந்தப் பாட்டில் அப்படி ஒரு நிறுத்தமே கிடையாது.

முடிந்து இறங்கி வந்தால் உபதேசியார் படிக்கட்டில் மறித்துக்கொண்டார்.

"என்னப்பா அநியாயம் இது! பெரிய வெள்ளியில யாராச்சும் பெட்டி வாசிப்பாங்களா? சுவாமியாருக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

"நான் தொடவே இல்லீங்க உபதேசியாரே."

"சும்னே பொய் சொல்லாதே. கோயில் பூரா கேட்டுச்சு. அதுவும் தாளம் தப்பி! கடைசி வரிக்கு முன்னாடி நிறுத்தி நிறுத்தி வாசிச்சே, நாங்களும் நிக்கவேண்டியதாப் போச்சு. சாவி எங்கிட்ட இருக்கு, நீ எதால தொறந்தே?"

கேட்டுக்கொண்டே இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. மேலே ஏறிப் போனார், நானும் பின்னாலேயே போனேன். துணி போர்த்தியபடி இருந்தது, கயிற்றில் அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வெளியே எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ரோசம்மா நின்றிருந்தாள். "அண்ணா, எத்தனையோ வருஷமா வாசிக்கிறீங்க, இன்னிக்குத்தான் எனக்கு அழுகை வந்துச்சு" என்றாள். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

அந்த நிறுத்தம் ஜெயசீலியுடையது. அவள் வாசிப்பாள் என்பதே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் ஒரு பெண் மாடத்தில் ஏறிப் பெட்டி வாசித்தால் ஊர் சும்மா இருக்குமா? மத்தியானத்தில் கோயில் காலியாக இருக்கும்போது எனக்கு மட்டும் வாசித்துக் காட்டுவாள். அந்தப் பாட்டில் கடைசி அடி வரும் முன் கையை எடுத்துவிடுவாள். தாளம் தப்பிப்போச்சே அம்மணி என்று கேலி செய்வேன்.

"தப்பட்டும்ங்க. சிலுவையில தொங்குறவரு அந்த எடத்துல ஒரு மூச்சு விட்டுக்கட்டுமே" என்பாள்.

ஆண்டவரிடம் நான் வேண்டிய சத்தம் வந்துவிட்டது. கோயில் முழுக்கக் கேட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆண்டவர் மேல் அவ்வளவு கோபம், அவள் மேலும்தான். பிறகு எங்கள் டாக்டரிடம் சொன்னபோது, துக்கத்தில் நீயே உன்னை அறியாமல் வாசித்திருப்பாய் என்றார். பூட்டிய பெட்டியையா என்று கேட்டேன், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கோலாருக்கு நான் போகவில்லை. அதற்கப்புறம் யாருக்கும் பெட்டிச் சத்தம் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இன்றுவரை எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று அந்த இடத்தில் எல்லாரும் நிறுத்தித்தான் பாடுகிறார்கள், பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு மூச்சு நேர மௌனத்துக்காகத்தான் நான் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன். எனக்கென்று கிடைத்தது அதுதான், அதில் அவள் இருக்கிறாள் என்று இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்றுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை. அந்த மௌனத்தில் கீழே இருப்பவர்களில் யாராவது ஓரிருவர் மெல்லத் திரும்பி மாடத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். என்னைப் பார்ப்பதில்லை, எனக்குப் பக்கத்தில் பார்ப்பார்கள். என்ன பார்த்தீர்கள் என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. பெஞ்சில் கொஞ்சம் தள்ளி, இடம் விட்டு உட்கார்ந்துகொள்வேன்.