பலகை மேல் அம்மா

ஆயுத பூஜையன்று மட்டும்தான் ஒரகடத்தில் அம்மா வேலை செய்த கம்பெனிக்குள் வீட்டு ஆட்களை விடுவார்கள். நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம், படப்பையில் கம்பெனி பஸ் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, பெரிய மனுஷி மாதிரி போய் இறங்கினேன். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. என்னைவிட அவை நன்றாக அலங்காரம் செய்துகொண்டிருந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

காருக்குள் ஓடும் ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவது அம்மாவின் வேலை. தன் இடத்தைக் காட்ட அழைத்துப்போனாள். பெண்கள் வரிசையாக நின்று வேலை செய்யும் நீள மேசை. மற்றவர்கள் இடத்தில் வெறும் தரை. அம்மாவின் இடத்தில் மட்டும் ஒரு மரப்பலகை. ரொம்பப் பெருமையாக அதன்மேல் ஏறி நின்று, கட்டிக் காட்டினாள். எனக்கோ எங்கள் வகுப்புதான் ஞாபகம் வந்தது. எங்கள் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களைத்தான் டீச்சர் பெஞ்ச் மேல் ஏற்றுவார். அம்மா என்ன தப்பு செய்தாளோ, பாவம், வீட்டில் வாயே திறக்கவில்லை.

அவள் தோழிகளோடு பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அம்மா முன்பே வணக்கம் வைத்த சூப்பர்வைசரிடம் நேராகப் போனேன். பக்கத்தில் பெரிய மேனேஜர் நின்றிருந்ததை நான் பொருட்படுத்தவே இல்லை.

"சார், எங்கம்மா இனிமே ஒழுங்கா வேலை செய்வாங்க. பலகையிலேர்ந்து எறக்கி வுட்டுடுங்க சார்."

சூப்பர்வைசர் முகம் வெளுத்துவிட்டது. மேனேஜர் எந்தப் பலகை என்று கேட்டுக்கொண்டே வந்து பார்த்தார். யாரைக் கேட்டுப் போட்டது, தடுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது, இவ்வளவு குள்ளமானவரை முதலில் யார் வேலைக்கு எடுத்தது என்று அடுக்கிக்கொண்டே போனார். அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வேலை போய்விடும் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

"நான்தான் சார் எடுத்தேன். இவங்க கை வேலை அவ்ளோ சுத்தம். மேசை ஒசரம், தோள் வலிச்சிகினே இருந்துது. மேசைக்கோசரம் ஆள அனுப்ப மனசு வரல, நான்தான் பலகை போட்டேன்," என்றார் சூப்பர்வைசர்.

மேனேஜர் அம்மாவிடம் இப்போது வலிக்கிறதா என்று கேட்டார். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். அவர் பலகையை ஷூவால் அழுத்திப் பார்த்தார். அது லேசாக ஆடியது.

"ஸ்ட்ராங்கா வேற ஒண்ணு செஞ்சி, மஞ்ச பெயிண்ட் அடிச்சி இங்கயே பிக்ஸ் பண்ணிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, மன்னிப்பு கிடைக்கவில்லை. தண்டனையை நிரந்தரமாக்கி, பெயிண்ட் வேறு அடிக்கப் போகிறார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மாவும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இருவரும் ஒரே காரியத்துக்காகத்தான் அழுகிறோம் என்று நினைத்து, பெரியவளானதும் நானே வந்து உன்னைக் கீழே இறக்கிவிடுகிறேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்.